ஐந்து நிமிடம், ஆறு வாரம்

ப்ரொஜெக்டரின் லென்ஸுக்கு முன்னால் ஒரு நோட்டை நிற்க வைத்துவிட்டு, "இப்போ கேளுங்க" என்றார் எங்கள் மிஸ். திரை இருண்டு கிடந்தது. ஸ்பீக்கர் மட்டும் ஓடியது.

தூரத்தில் பெரிய கூட்டம் ஒன்று ஆரவாரம் செய்வது கேட்டது, அலை எழுந்து அடங்குவதுபோல. கொஞ்சம் இசை. அப்புறம் ஓடும் கால்கள், ஆண்கள் பலர் ஒரே நேரத்தில் கத்துவது. அதற்கெல்லாம் நடுவே ஒரு சிறுவன் "பப்பா, பப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. அந்த ஒரு சொல்லுக்கு மொழி தெரிய வேண்டியதில்லை.

முடிந்ததும் மிஸ் கேட்டார்: "என்ன நடந்துச்சு?"

வகுப்பில் நாங்கள் பதினோரு பேர். ஏதோ விபத்து என்றான் ஒருவன். பையன் கூட்டத்தில் தொலைந்துவிட்டான் என்றாள் இன்னொருத்தி. அவன் அப்பாவை யாரோ பிடித்து அடிக்கிறார்கள் என்று நான் சொன்னேன்.

"எதை வைச்சு அப்படிச் சொல்ற?"

பதில் வரவில்லை. எதையோ கேட்டதால்தான் அப்படித் தோன்றியது. ஆனால் எதைக் கேட்டேன் என்று எனக்கே பிடிபடவில்லை. மிஸ் என்னை விடவில்லை. மறுபடியும் அதே இடத்தை ஓட்டினார். மூன்றாவது முறை கேட்கும்போது புரிந்தது. ஓடும் காலடிச் சத்தம் நின்ற பிறகும் கத்தல் நிற்கவில்லை. அப்படியென்றால் யாரையோ துரத்திப் பிடித்துவிட்டார்கள். பையன் கூப்பிடுவதும் நிற்கவில்லை. அப்படியென்றால் பிடிபட்டவர் அவனுடைய அப்பா. இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் காது எனக்கு முன்பே கணக்குப் போட்டு முடித்திருந்தது.

மேல்நிலை வகுப்பில் இரண்டு வருடம் சினிமாவைப் பாடமாகப் படித்தவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியைத்தான் சொல்வேன். எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்? ஒரு படம் நமக்குள் ஏதோ செய்கிறது. அது எந்த இடத்தில், எதைக் கொண்டு செய்தது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். பாடம் முழுக்க அதுதான்.

இந்தப் பாடத்தை எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்று அப்பா கேட்டார்: "படம் பார்க்கிறதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. படம் பிடிக்கும், அதனால் எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அது போதாது என்று இருவருக்குமே தெரிந்தது.

நான் படித்தது ஐ.பி. டிப்ளமா, இன்டர்நேஷனல் பேக்கலாரேட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம். இயற்பியலையும் வரலாற்றையும் போல அதில் சினிமாவும் ஒரு முழுப் பாடம். அதை ஹையர் லெவலில், அதாவது கூடுதல் ஆழத்தோடு எடுப்பவர்களுக்கு, நான் படித்தபோது இருந்த விதிப்படி, நான்கு வேலைகள் இருந்தன. ஒரு படத்திலிருந்து அதிகபட்சம் 5 நிமிடப் பகுதியை எடுத்து 1,750 சொற்களுக்குள் ஆராய்ந்து எழுத வேண்டும். வெவ்வேறு பண்பாட்டுச் சூழலில் பிறந்த இரண்டு படங்களை ஒப்பிட்டு 10 நிமிடக் காணொளி தர வேண்டும். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு போன்ற பொறுப்புகளில் மூன்றில் கை நனைத்து, செய்ததைத் தொகுத்துக் காட்ட வேண்டும். கடைசியாக, சிறு குழுவாகச் சேர்ந்து 7 நிமிடத்துக்குள் ஒரு படம் எடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குத்தான் மதிப்பெண் அதிகம், 35 சதவீதம்.

பட்டியலாகப் பார்த்தால் எளிதாகத்தான் தெரியும். 5 நிமிடத்தைப் பற்றி 1,750 சொல் என்ன பெரிய விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன்.

நோட்டை வைத்து மறைத்துக் கேட்க வைத்தாரே, அந்தப் பகுதியைத்தான் மிஸ் எங்களுக்குப் பயிற்சிக்காகக் கொடுத்தார். இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', 1948. கடைசிப் பகுதி. சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் கட்டாயம், அந்தச் சைக்கிள் திருட்டுப் போய்விட்டது. ரோம் நகரமெங்கும் மகனோடு தேடி அலைந்து சலித்த அப்பா, கால்பந்து மைதானத்துக்கு வெளியே நிற்கிறார். அங்கே வரிசை வரிசையாகச் சைக்கிள்கள். மகனை டிராமில் போகச் சொல்லிவிட்டு, தனியாக நிற்கும் ஒரு சைக்கிளைத் திருடுகிறார். பிடிபடுகிறார். டிராமைத் தவறவிட்ட மகன் அதைப் பார்த்துவிடுகிறான்.

ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொள்ளச் சொன்னார் மிஸ். ஷாட் எண், தொடங்கும் நேரம், ஷாட்டின் அளவு, கேமரா அசைகிறதா, என்ன நடக்கிறது, என்ன கேட்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வரிசை. நிறுத்தி, எழுதி, பின்னால் போய், மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தி. முதல் நாள் ஒரு மணி நேரத்தில் நான் முடித்தது அரை நிமிடம்கூட இருக்காது. அந்த 5 நிமிடத்தோடு ஆறு வாரம் இருந்தோம்.

முதல் வாரத்துத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். மற்றக் கட்டங்களெல்லாம் நிரம்பி வழிகின்றன. 'என்ன கேட்கிறது' என்ற கடைசிக் கட்டத்தில் மட்டும் பெரும்பாலும் ஒரே சொல்தான்: இசை. அல்லது ஒரு கோடு. திரையை மறைத்தபோது அத்தனை கேட்ட நானே, படம் தெரிந்தவுடன் கேட்பதை விட்டுவிட்டேன். மிஸ் அந்தக் கட்டத்தைச் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வேறு ஒன்றும் எழுதவில்லை.

இரண்டாம் வாரம் அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காகவே உட்கார்ந்தேன். மைதானத்துக்குள்ளிருந்து வரும் ஆரவாரம். சாலையில் போகும் வண்டிகள். காலடிகள். அப்போதுதான் ஒரு விஷயத்தைப் படித்தேன், அது என்னைக் கொஞ்ச நாள் தூங்கவிடவில்லை. அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் படப்பிடிப்பின்போது பதிவான ஒலியை அப்படியே பயன்படுத்தும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. வசனம், காலடி, தெருவின் இரைச்சல் எல்லாம் பிறகு ஸ்டூடியோவில் சேர்க்கப்பட்டவை.

இந்தப் படமோ நிஜத்தின் மறுபெயராகச் சொல்லப்படுவது. நிஜத் தெருக்களில் எடுத்தது. அப்பாவாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜொராணி ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி, நடிகரே அல்ல. மகனாக நடித்த என்ட்ஸோ ஸ்தயோலாவும் அதற்கு முன் நடிகனாக இருந்தவன் அல்ல. அப்படிப்பட்ட படத்தில், என்னை உலுக்கிய அந்த "பப்பா" என்ற அழைப்பு ஒரு மூடிய அறையில் மைக்குக்கு முன்னால் பிறந்திருக்கிறது. எனக்கு முதலில் ஏமாந்ததுபோல இருந்தது. வகுப்பிலும் அதைச் சொன்னேன்.

மிஸ் வழக்கம்போலப் பதில் சொல்லவில்லை. "அப்படின்னா அந்த மைதானத்துச் சத்தம்?" என்று மட்டும் கேட்டார்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. அங்கே நின்று பதிவு செய்ததென்றால், அந்த ஆரவாரம் தற்செயலாக வந்து விழுந்தது என்று விட்டுவிடலாம். பிறகு சேர்த்ததென்றால், யாரோ ஒருவர் உட்கார்ந்து, இந்த மனிதர் சைக்கிள் இல்லாமல் வெளியே நிற்கும்போது உள்ளே ஆயிரக்கணக்கானோர் மகிழ்ச்சியில் கத்துவது கேட்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். எப்போது உயர வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதுவரை முடிவு செய்திருக்கிறார். நாம் அந்த மைதானத்துக்குள் போவதே இல்லை. ஊரே ஒரு கொண்டாட்டத்தில் இருக்கிறது, அதற்கு வெளியே இரண்டு பேர் நிற்கிறார்கள். இதை ஒரு வசனம்கூட இல்லாமல் சொல்வது அந்தச் சத்தம்தான். என் பயிற்சிக் கட்டுரை முழுவதும் அந்த ஆரவாரத்தைப் பற்றியதாக மாறிப்போனது. 1,750 சொல் போதவில்லை.

கட்டுரை எழுதும்போது சில சொற்களுக்கு மிஸ் தடை போட்டிருந்தார். 'அருமையான', 'மனதைத் தொடும்', 'பதற்றத்தை ஏற்படுத்துகிறது'. இந்த மூன்றாவதுதான் கஷ்டம். சினிமா மாணவர்கள் எழுதும் எல்லாக் கட்டுரையிலும் எல்லா ஷாட்டும் பதற்றத்தை ஏற்படுத்தும். க்ளோஸ்-அப் வந்தால் பதற்றம், கேமரா தாழ்ந்தால் பதற்றம். அதை எழுத முடியாதபோதுதான் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டி வரும். கூட்டம் அப்பாவை அடித்துத் தள்ளுகிறது, தொப்பி கீழே விழுகிறது. மகன் அதை எடுத்துத் தூசி தட்டுகிறான். நான் முதலில் எழுதியது: 'இது மகனின் அன்பைக் காட்டுகிறது.' மிஸ் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினார்: 'அவன் அழுதுகொண்டே தட்டுகிறானா, அழுகையை நிறுத்திவிட்டுத் தட்டுகிறானா? பார்.' மறுபடி போய்ப் பார்த்தேன். ஒரு தொப்பியை இத்தனை முறை பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

அந்தப் பாடத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தவறாக நினைப்பது இங்கேதான். நிறையப் படம் பார்த்தவர்களுக்கு இது சுலபம் என்று நினைக்கிறார்கள். எங்கள் வகுப்பில் என்னைவிடப் பல மடங்கு படம் பார்த்த ஒருவன் இருந்தான். எந்த இயக்குநரைச் சொன்னாலும் முழுப் பட்டியலை ஒப்பிப்பான். முதல் வருடம் அவன் மிகவும் திணறினான். ஒரு படத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் இன்னொரு படத்துக்குப் போய்விடுவான். இரண்டாம் வருடம் அவன் மாறியதைப் பார்த்தது எனக்குக் கிடைத்த நல்ல அனுபவங்களில் ஒன்று. ஒரே ஒரு கதவு திறக்கும் ஷாட்டைப் பற்றி அவன் 20 நிமிடம் பேசினான், நாங்கள் யாரும் அசையவில்லை.

கோட்பாடுகள் படித்தோம். சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டீன் ஒரு பக்கம்: இரண்டு ஷாட்டுகள் மோதும் இடத்தில் அர்த்தம் பிறக்கிறது என்பவர். பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் மறுபக்கம்: வெட்டாமல் விடு, உலகம் தன் ஆழத்தோடு அப்படியே தெரியட்டும் என்பவர். டி சிகாவின் படத்தை மிகவும் மதித்து எழுதியவர் அவர். பாதி வகுப்பு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் நின்று சண்டை போட்டோம். எனக்கு அந்தச் சண்டையைவிட வேறொன்றுதான் பிடித்தது. பேசும் படம் வந்த புதிதில், 1928இல், ஐசன்ஸ்டீனும் அவர் நாட்டு இயக்குநர்களான புதோவ்கினும் அலெக்சாந்த்ரோவும் சேர்ந்து ஒலியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வாய் அசைவதற்கேற்ற சத்தத்தை ஒட்டுவதோடு நின்றுவிடாதீர்கள், ஒலி படத்தோடு முரண்படட்டும் என்பது அதன் சாரம். ஒலியோடு படமெடுக்க அவர்கள் நாட்டில் அப்போது வசதியே சரியாக வந்திருக்கவில்லை. இல்லாத கருவியைப் பற்றி அத்தனை தெளிவாக யோசித்திருக்கிறார்கள்.

குலெஷோவ் சோதனையை நாங்களும் செய்து பார்த்தோம். உணர்ச்சி இல்லாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் என்று வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்டினால், பார்ப்பவர்கள் அந்த முகத்திலேயே பசியும் துக்கமும் ஆசையும் தெரிவதாகச் சொல்வார்கள் என்பது அது. 1920களை ஒட்டி ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் செய்தது, மூலப் பிரதி இப்போது இல்லை. நாங்கள் ஒரு நண்பனை நாற்காலியில் உட்கார வைத்து, ஒன்றையும் யோசிக்காதே என்று சொல்லி, 20 விநாடி எடுத்தோம். காலி நாற்காலி, ஒலிக்கும் போன், திறந்த கதவு என்று ஒட்டினோம். வேறு வகுப்பு மாணவர்களிடம் காட்டினோம். ஓரளவு வேலை செய்தது.

வீட்டுக்கு வந்து நான் வேறு மாதிரி முயன்றேன். முகத்தை மட்டும் வைத்துக்கொண்டேன், வெட்டே இல்லை. கீழே ஒலியை மட்டும் மாற்றினேன். ஒன்றில் மழை. ஒன்றில் பக்கத்து அறையில் யாரோ தாழ்ந்த குரலில் பேசுவது, சொற்கள் புரியாத அளவுக்கு. ஒன்றில் எதுவுமே இல்லை. மழை போட்டதில் அவன் எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறான் என்றார்கள். பேச்சுக் குரல் போட்டதில் ஒட்டுக் கேட்கிறான், பயப்படுகிறான் என்றார்கள். மூன்றாவதில் ஏதோ பழுது, சத்தம் வரவில்லை என்றார்கள். இந்த மூன்றாவது பதில் எனக்கு ரொம்ப நாள் உதவியது. சினிமாவில் அமைதி வேண்டுமென்றால் ஒலியை எடுத்துவிட்டால் போதாது, அமைதியையும் பதிவு செய்து போட வேண்டும்.

ஒப்பீட்டுக் காணொளிக்கு நான் ஒலியையே எடுத்துக்கொண்டதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. டி சிகாவின் படத்துக்குப் பக்கத்தில் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை வைத்தேன், 1955. ராய் 1950இல் லண்டனில் டி சிகாவின் படத்தைப் பார்த்து, தானும் இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று உறுதி கொண்டவர். அதனால் இரண்டையும் சேர்த்துப் பேசுபவர்கள் அதிகம். பெரும்பாலும் வறுமை, நிஜமான இடங்கள், புதுமுகங்கள் என்று பேசுவார்கள். காதை வைத்துப் பார்த்தால் அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பது தெரியும்.

நாணல் பூத்த வெளியில் அக்காவும் தம்பியும் கம்பிகளைத் தாங்கும் கம்பத்தின் ரீங்காரத்தைக் கேட்கும் இடம் 'பதேர் பாஞ்சாலி'யில் இருக்கிறது. ரயில் இன்னும் வரவில்லை. வேறோர் உலகம் இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகள் முதலில் கேட்கிறார்கள், பிறகுதான் பார்க்கிறார்கள். அதைவிட என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. ஊர் திரும்பிய அப்பா, மகளுக்கு வாங்கி வந்த சேலையை எடுத்துக் கொடுக்கிறார். மகள் இறந்தது அவருக்குத் தெரியாது. அம்மா உடைந்து அழுகிறாள். வாய் திறந்திருக்கிறது, ஆனால் நமக்கு அவள் குரல் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற வாத்தியம் உச்சத்தில் அலறுகிறது. ரவிசங்கரின் இசை. நிஜமான அழுகையை எடுத்துவிட்டு ஒரு வாத்தியத்தை வைத்திருக்கிறார்கள், அழுகை இன்னும் பெரிதாகிவிட்டது. ஒரு படத்தில் மகனின் குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம், இன்னொன்றில் தாயின் குரல் பறிக்கப்பட்டுவிடுகிறது. என் 10 நிமிடமும் இந்த இரண்டு தொண்டைகளுக்கு நடுவேதான் நடந்தது. அதை எழுதி முடித்த இரவு போல் ஒரு திருப்தி எனக்கு வேறு எந்தப் பாடத்திலும் கிடைத்ததில்லை.

கேமராவைக் கையில் எடுத்த கதைக்கு வருகிறேன். முதல் பயிற்சி, இரண்டு பேர் மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து பேசும் காட்சி. நான்தான் கேமரா. ஒருவரை எடுத்துவிட்டு, வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று மேசையைச் சுற்றிப் போய் அடுத்த பக்கத்திலிருந்து மற்றவரை எடுத்தேன். எடிட்டில் ஒட்டிப் பார்த்தால் இருவரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள். ஒருவரோடொருவர் பேசுவதாகவே தெரியவில்லை, இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆளிடம் முறையிடுவதுபோல இருந்தது. 180 டிகிரி விதியைப் புத்தகத்தில் படித்து, படம் வரைந்து, அதற்கு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். பேசும் இருவரையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள், கேமரா அதைத் தாண்டக் கூடாது. தெரிந்துதான் தாண்டியிருக்கிறேன். அதன்பின் எந்தக் காட்சிக்கும் தரையில் நிஜமாகவே டேப் ஒட்டிவிடுவோம்.

7 நிமிடப் படத்துக்கு நாங்கள் நான்கு பேர். இயக்கத்துக்கு ஒருத்தி, ஒளிப்பதிவுக்கு ஒருவன், படத்தொகுப்புக்கு ஒருத்தி, ஒலிக்கு நான். ஒலி மற்ற மூவருக்கும் வேண்டாத வேலை, நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கதை சின்னது. வெகு தூரம் படிக்கப் போகும் அண்ணன் பெட்டி கட்டுகிறான். தங்கை அவனுடைய ஒற்றை ஷூவை ஒளித்து வைக்கிறாள். எங்கள் வீட்டில் எடுத்தோம், அண்ணனாக என் அண்ணனே நடித்தான்.

முதல் நாள் காலையில் ஹெட்போனை மாட்டியபோது எங்கள் வீடு எனக்கே அந்நியமாக இருந்தது. ஃப்ரிட்ஜ் இரைகிறது. மின்விசிறி டிக் டிக் என்கிறது. சுவர்க் கடிகாரம். எங்கோ ஒரு குழாய். பதினேழு வருடம் அந்த வீட்டில் இருந்தும் இதில் ஒன்றையும் நான் கேட்டதில்லை. ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனோம். ஃப்ரிட்ஜை நிறுத்தினால் திரும்பப் போட மறந்துவிடும் என்பதற்காக, வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிட வேண்டும் என்று ஒரு குறிப்பில் படித்திருந்தேன். ஒலிப்பதிவுக்காரர்களின் பழைய உத்தி. சாவி இல்லாமல் கிளம்ப முடியாது, சாவியை எடுக்கும்போது ஃப்ரிட்ஜ் நினைவுக்கு வந்துவிடும். மூன்று நாளும் அப்படியே செய்தோம்.

ரூம் டோனைத்தான் கோட்டைவிட்டேன். யாரும் பேசாமல், அசையாமல், அந்த அறையின் வெறும் அமைதியை அரை நிமிடமாவது பதிவு செய்துகொள்ள வேண்டும். வசனங்களுக்கு இடையே வரும் ஓட்டைகளை அதை வைத்துத்தான் அடைக்க முடியும். கடைசி ஷாட் முடிந்ததும் எல்லோரும் கைதட்டி, பேச ஆரம்பித்து, விளக்குகளை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு மறந்தே போயிற்று. மறுநாள் அதே நேரம், அதே இடத்தில் மைக் வைத்துப் பதிவு செய்தேன். எடிட்டில் போட்டால் ஒட்டவில்லை. வேறு அறைபோல ஒலிக்கிறது. ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு கண்ணில் பட்டது: அம்மா திரைச்சீலைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டிருந்தார். ஜன்னல் வெறுமையாக இருந்தது. துணி இல்லாத அறையில் ஒலி சுவரில் பட்டுத் திரும்புகிறது. அவை காய்ந்து மறுபடி மாட்டும்வரை காத்திருந்து பதிவு செய்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

ஷூவின் சத்தத்துக்கு இரண்டு நாள் ஆனது. நிஜ ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளும் சத்தம், பதிவில் ஒன்றுமில்லாமல் இருந்தது. யுனிவர்சல் ஸ்டூடியோவில் பேசும் படத்தின் தொடக்க நாட்களில் ஜாக் ஃபோலி என்பவர் திரையைப் பார்த்துக்கொண்டே காலடிகளையும் துணி உரசலையும் நிகழ்த்திச் சேர்த்தார். அந்த வேலைக்கு இன்றும் அவர் பெயர்தான். நானும் அப்படியே, லேப்டாப்பில் காட்சியை ஓடவிட்டு, ஒரு தடித்த புத்தகத்தைப் போர்வையில் சுற்றித் தரையில் இழுத்தேன். திரையில் அது ஷூவாகிவிட்டது. அண்ணனே நம்பினான்.

எங்கள் படத்தில் அம்மா பாத்திரம் ஒரு முறைகூடத் திரையில் வராது. அடுக்களையிலிருந்து குரல் மட்டும் வரும், பாத்திரங்களின் சத்தம் வரும். உடலைக் காட்டாமல் ஒலிக்கும் குரலைப் பற்றி மிஷேல் ஷியோன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் எழுதியதை வகுப்பில் படித்திருந்தோம். காட்டாத வரைக்கும் அந்தக் குரல் எங்கும் நிறைந்திருக்கும், காட்டியவுடன் ஓர் ஆளுக்குள் சுருங்கிவிடும். எடிட் செய்தவளுக்கும் எனக்கும் இதில் பெரிய வாக்குவாதம். கடைசியில் ஒரே ஒரு ஷாட்டாவது அம்மாவைக் காட்டாவிட்டால் பார்ப்பவர்களுக்கு ஏக்கமாக இருக்கும் என்றாள் அவள். அந்த ஏக்கம்தானே படம் என்றேன் நான். நான்கு நாள் பேசவில்லை. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கடைசிக் காட்சியில் அண்ணன் வாசலில் நிற்கும்போது, அதுவரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றுவிடும். அவ்வளவுதான். அம்மா கைவேலையை நிறுத்திவிட்டார் என்பது நமக்குத் தெரியும். வருவாரா என்று காத்திருப்போம். படம் முடிந்துவிடும். என் யோசனையைவிட அது நல்ல யோசனை.

குரலுக்கு என் அம்மாவையே பேச வைத்தேன். மைக்கைப் பார்த்தால் அவருக்குக் குரல் மாறிவிடும். அதனால் அடுக்களை அலமாரியின் மேல் மைக்கை வைத்துவிட்டு, நான் ஹாலில் இருந்துகொண்டு, நிஜமாகவே வேலை செய்துகொண்டே கூப்பிடச் சொன்னேன். எட்டு முறை கூப்பிட்டார். எட்டாவதில் கொஞ்சம் எரிச்சல் வந்திருந்தது. அதைத்தான் எடுத்துக்கொண்டோம்.

படத்தை அனுப்பி வைத்த வாரம் வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில், இடப்பக்க ஸ்பீக்கரிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "இங்க கொஞ்சம் வந்துட்டுப் போங்க." அப்பா "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு, அடுக்களைப் பக்கம் திரும்பி, பாதி எழுந்துவிட்டார்.